சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

தமிழகத்தினின்று பிழைப்பை நாடிக் கணவாய் கடந்து வந்து, கல்பாத்தியிலும் ஒலவக்கோட்டிலும் குடியமர்ந்த குடும்பங்கள் நாம். நம்முள் பலர் ரயில்வே ஊதியத்தில் வாழ்ந்தோர், வாழ்வோர். ஆதலின், இவ்வாண்டு விழா மலரில் சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூற விழைகின்றோம். தென்னாட்டின் முதற் பொதுவுடைமையாளர் என அவரைப் பலரும் அறிவர். அவர் ஆராய்ந்த கேள்வி ஒன்று நம் கல்பாத்தித் தெருவிலேயே நின்றது என்பதைச் சிலரே அறிவர்.

சென்னைக் கடற்கரையில் மீனவர் குடியில் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் அவர் பிறந்தார். கல்லூரிக் கல்வி பெற்ற பின் சட்டமும் பயின்று, 1907-இல் வழக்கறிஞரானார். இடையே பௌத்த நெறியில் ஈடுபட்டு, மகாபோதி சங்கப் பணிகளில் பங்கு கொண்டார். தம் இல்லத்தில் பெரியதொரு நூல்நிலையம் அமைத்து, அறிவியலும் வரலாறும் பொருளாதாரமும் இரவு பகலாகக் கற்றார். 1921-இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, வழக்கறிஞர் அங்கியைப் பலரறியத் தீயிலிட்டுத் தொழிலைத் துறந்தார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தொன்று. பிறர் ஓய்வை நாடும் வயதில் அவரது பொதுவாழ்வு உச்சம் நோக்கிப் புறப்பட்டது.

1922 டிசம்பரில் கயை நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபையில், தாம் பொதுவுடைமையாளர் என அவர் வெளிப்படையாக அறிவித்தார். மறு ஆண்டு மே முதல் நாள், உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினம் அவர் முயற்சியால் கொண்டாடப் பெற்றது. அன்றே தொழிலாளர்க்கும் உழவர்க்கும் பொதுவானதொரு கட்சியையும் அவர் தோற்றுவித்தார்.

அக்கட்சியின் பெயரிலேயே ஓர் ஆழ்ந்த வாதம் அடங்கியிருந்தது. ஆலைத் தொழிலாளியே முதலாளித்துவத்தை வெல்லும் வர்க்கம் என்பது மார்க்ஸின் கொள்கை. அக்கொள்கை இங்கிலாந்தின் ஆலைகளை நன்கு ஆராய்ந்து எழுந்தது. நம் நாட்டிலோ ஆலைகள் சில, வயல்களோ எண்ணில. நிலமற்ற உழவனை விடுத்து இங்கு எவ்வித மாற்றமும் நிகழாது எனச் சிங்காரவேலர் கருதினார். காங்கிரசுக்குள் நின்றே, அமைதி வழியில் தொழிலாளரைத் திரட்டலாம் என்பதும் அவர் எண்ணம். ஐரோப்பாவிலிருந்த எம். என். ராய் கடித வாயிலாகத் தம் கருத்துகளை அனுப்பி வந்தார். அக்கடிதங்களைக் கைப்பற்றிய அரசு, 1924-இல் தொடுத்த கான்பூர் சதி வழக்கில் சிங்காரவேலர் பெயரையும் சேர்த்தது. உடல் நலிவால் அவர் விசாரணைக்குக் கொண்டு செல்லப் பெறவில்லை.

வழக்கு நடந்த அதே கான்பூரில், 1925 டிசம்பரில், இந்தியப் பொதுவுடைமையாளரின் முதல் மாநாடு கூடியது. சிங்காரவேலரே தலைமை தாங்கினார். தீண்டாமையைப் பற்றி அங்கு அவர் கூறிய கருத்து நாம் நின்று சிந்திக்கத் தக்கது. தீண்டாமையின் வேர் பொருளாதாரத்தில் உள்ளது. நிலமின்மையால் பிறரை அண்டிப் பிழைக்கும் நிலை நீங்குமாயின், இழிவும் தானே நீங்கும் என்பது அவர் துணிபு.

அம்மாநாட்டுக்கு ஓராண்டு முன்னர் நம் ஊரில் நிகழ்ந்ததை இங்கு நினைவு கூர்வோம். 1924 நவம்பரில், தேர்த் திருவிழாவின்போது கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தடுக்கப் பெற்றுத் தாக்கவும் பெற்றனர். தொடர்ந்து ஆரிய சமாஜத்தார் இங்கு வந்தனர். ஈழவர் சிலர் அச்சமாஜத்தில் சேர்ந்து, அதே தெருவில் நடக்கும் உரிமையைக் கோரினர். வைக்கத்தில் போராட்டம் நடந்த காலமும் அதுவே. வைக்கம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. கல்பாத்தியோ ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மலபாரில் இருந்தது.

சிங்காரவேலரின் துணிபை இத்தெருவில் வைத்து உரைத்துப் பார்ப்போம். பாலக்காட்டு வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த செருமக்களைக் கருதின், அவர் கூற்று முற்றும் பொருந்தும். நிலமின்மையே அவர்தம் விலங்கு. ஆனால், கல்வியும் செல்வமும் பெற்ற ஈழவருக்கும் இத்தெரு மூடியே இருந்தது. கையில் பொருள் வந்த பின்னும் கால் வைக்க வழி கிடைக்கவில்லையெனில், சாதிக்குப் பொருளாதாரத்தின் புறத்தேயும் ஒரு வலிமை உண்டு என்றே கொள்ள வேண்டும்.

சிங்காரவேலரின் பிற்கால வாழ்வு இக்கேள்வியை நோக்கியே சென்றது எனலாம். அதற்கு முன் ஒரு சிறைவாசம் குறுக்கிட்டது. நம் ஒலவக்கோட்டுப் பாதை அந்நாளில் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியைச் சார்ந்தது. நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சிப் பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை நீக்கக் கம்பெனி முனைந்தது. 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதில் முன்னின்ற சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப் பெற்றது. சிங்காரவேலருக்கு அப்போது அகவை அறுபத்தெட்டு. தண்டனை பின்னர்க் குறைக்கப் பெற, 1930-இல் அவர் வெளிவந்தார்.

வெளிவந்தவர் ஈ.வெ.ரா. பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கினார். குடி அரசு இதழில் அறிவியலையும் பொருள்முதற் கொள்கையையும் எளிய தமிழில் விளக்கி எழுதினார். சாதி, மதம், மூடப்பழக்கம் ஆகியவற்றைச் சாடாமல் சமதர்மம் நிலைபெறாது என்பது இக்கட்டுரைகளில் தெளிவாயிற்று. 1932 டிசம்பரில் ஈரோட்டில் உருவான சமதர்மத் திட்டத்தில் அவர் பங்கு பெரிது. எனினும், சாதியை முதலில் எதிர்ப்பதா, வர்க்கச் சுரண்டலை முதலில் எதிர்ப்பதா என்னும் வாதம் அடங்கவில்லை. 1934-இல் அரசு பொதுவுடைமைக் கட்சியைத் தடை செய்தது. அடக்குமுறை கடுமையாகவே, பெரியார் அத்திட்டத்தினின்று விலகினார். சிங்காரவேலரும் ஜீவானந்தமும் அதில் மாறுபட்டு நின்றனர்.

1946 பிப்ரவரி 11-ஆம் நாள், தம் எண்பத்தாறாம் அகவை நிறைவுறுவதற்கு ஒரு வாரமிருக்க, அவர் மறைந்தார். நாடு விடுதலை பெறுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் எழுப்பிய கேள்வியைக் காலம் இங்கு மேலும் விரித்தது. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் குத்தகை முறையை ஒழித்தது. உழுதவன் கைக்கு நிலம் சென்றது. குடிசையில் வாழ்ந்தோர் தம் மனைக்கு உரியராயினர். அக்கிரகாரக் குடும்பங்கள் பல, நிலவருவாயை இழந்து, சென்னைக்கும் மும்பைக்கும் பெயர்ந்தன. ஒரு காலத்தில் தடுக்கப்பட்டோரின் பேரர்கள் இன்று இதே தெருவில் நின்று தேர் காண்கின்றனர். சட்டமும் போராட்டமும் கல்வியும் நிலமாற்றமும் சேர்ந்தே இதனைச் செய்தன. ஆயினும், நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் சாதி இன்னும் முதலில் வந்து அமர்கின்றது. வீடு குடிவைக்கும்போதும் அது மெல்ல விசாரிக்கப்படுகின்றது. பொருள்நிலை மாறிய பின்னும் எஞ்சி நிற்கும் இப்பகுதியைக் களைவது நம் ஒவ்வொருவர் இல்லத்தின் கடமையாகும்.

கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் ஒன்றாக நிற்கும் நாம், வீடு திரும்பிய பின்னும் ஒன்றாக நிற்போமாக. அதுவே சிங்காரவேலர்க்கு நாம் செய்யும் நன்றியாகும். வாழ்க அவர் புகழ்!