நெஞ்சின் மேல் ஒரு சிறு புத்தகம்

குழந்தை தெரேசம்மாளின் படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம்மிடையே குறைவு. கையில் பாடுபட்ட சுரூபம், அதன்மேல் ரோசாப் பூக்கள், முகத்தில் அமைதியான புன்னகை. படம் வரைந்தவர்கள் ஒன்றை மட்டும் காட்டவில்லை. அவருடைய துறவற உடுப்புக்குள், நெஞ்சோடு சேர்த்து அவர் எப்போதும் வைத்திருந்த சின்னஞ்சிறு சுவிசேஷப் புத்தகமே அது.

பிரான்சு நாட்டில் அலென்சோன் நகரில் 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிறந்தார். தந்தை லூயி மார்த்தேன் கடிகாரக் கடை வைத்திருந்தவர். தாய் செலி, லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் பிழைத்தவர்கள் ஐந்து பெண்கள், தெரேசாள் கடைக்குட்டி. நாலரை வயது கடந்ததும் தாயை இழந்தார். பிறகு குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. கார்மேல் மடத்தில் சேரச் சிறு வயதிலேயே ஆசைப்பட்டு, 1887-இல் உரோமைக்குப் போய்ப் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரின் காலடியில் விழுந்து கேட்டார். மறு ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், 15 வயதில், லிசியே மடத்தின் கதவு அவருக்குத் திறந்தது.

மனப்பாடம் செய்வதில் சிறுமி தெரேசாள் கெட்டிக்காரி. கிறிஸ்துநாதர் அநுசாரம் என்ற நூல் முழுவதும் அவருக்குத் தெரியும். மாமி வீட்டில் புத்தகத்தை எங்காவது திறந்து ஒரு வரியைக் காட்டுவார்கள்; பிள்ளை மீதியை ஒப்பிக்கும். நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கும் பிள்ளைகளைப்போலத்தான். ஆனால் சுவிசேஷத்தில் புதைந்து கிடக்கும் செல்வத்தை அப்போது தாம் கண்டடையவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

மடத்துக்குள் வந்தபின் முதலில் சிலுவை அருளப்பரின் நூல்கள் அவருக்கு உணவாயின. சில ஆண்டுகளில் அவையும் சுவையற்றுப்போயின. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் உள்ளம் வறண்டது. சுவிசேஷம் ஒன்றே கைகொடுத்தது. நான்கு சுவிசேஷங்களையும் தனியே ஒரு சிறு புத்தகமாகக் கட்டித் தரும்படி தம் அக்காள் செலினைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இளம் கன்னியர் கையில் பழைய ஏற்பாட்டை முழுமையாகக் கொடுப்பதில்லை. 1894 செப்டம்பரில் செலினும் அதே மடத்தில் சேர்ந்தார். வரும்போது பழைய ஏற்பாட்டுப் பகுதிகளைத் தம் கையால் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். தெரேசாள் அதைப் பசித்தவர்போல் வாசித்தார். பெரிய அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் மலை ஏறத் தம்மால் ஆகாதே என்று கலங்கியிருந்த சமயம் அது. உரோமைப் பயணத்தில் லிப்ட் என்ற புது இயந்திரத்தை அவர் பார்த்திருந்தார். படியேற முடியாத தம்மைப் போன்ற சிறியவர்களை மோட்சத்துக்குத் தூக்கிச் செல்ல அப்படி ஒன்று கிடைக்காதா என்று தேடினார். அந்த நோட்டில் இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன: சிறியவர்களை ஞானம் தன்னிடம் அழைக்கும் பழமொழி ஆகம வசனம், தாய் தன் பிள்ளையைத் தேற்றுவதுபோல் இறைவன் தம் மக்களைத் தேற்றுவதாக இசையாஸ் சொல்லும் பகுதி. ஆண்டவரின் கரங்களே தம்மைத் தூக்கிச் செல்லும் என்று கண்டுகொண்டார். அவருடைய புகழ்பெற்ற சிறு வழி இப்படித்தான் பிறந்தது. 1997-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் வேதபாரகர் என்று அறிவித்த இந்தப் பெண்ணிடம் முழு வேதாகமம் ஒன்று சொந்தமாக இருந்ததில்லை. நம் வீட்டுப் பீடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறோமே, அதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாசித்தது அவருக்கு எங்கே பயன்பட்டது? செபக்கூடத்தில் மட்டுமல்ல. மடத்தில் ஒரு வயோதிகக் கன்னிகை இருந்தார். முடக்குநோயால் நடக்க முடியாதவர். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரைக் கோவிலிலிருந்து உணவு அறைக்கு யாராவது கூட்டிப்போக வேண்டும். எளிதில் திருப்திப்படாதவர் என்று தெரிந்தே தெரேசாள் முன்வந்தார். செய்ய மனம் வரவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. எளியவருக்குச் செய்வது தமக்கே செய்ததாகும் என்று ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்ததால் போனார். கிழவி மணற்கடிகாரத்தை ஆட்டியதும் எழுந்து, அவர் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடத்திப்போவார். வேகமானால் ஒரு முறையீடு, மெதுவானால் இன்னொன்று. உட்காரவைத்து, அவர் விரும்பும் முறையில் கைகளை மடித்துவிட வேண்டும். சில நாளில், முடங்கிய கையால் கிழவி ரொட்டியை நறுக்கச் சிரமப்படுவதைக் கண்டார். அன்றுமுதல் யாரும் கேளாமலே அதையும் நறுக்கி வைத்து, ஒரு புன்னகையோடு விடைபெற்றார். கிழவியின் மனத்தை முழுவதும் வென்றது அந்த ரொட்டித் துண்டுகள்தாம்.

கேட்கிறவனுக்குக் கொடு, எடுத்துக்கொண்டவனிடம் திரும்பக் கேளாதே என்ற போதனையும் அப்படியே. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவரிடம் பறிகொடுக்க என்ன இருக்கும்? தூரிகை இருந்தது, பேனாக்கத்தி இருந்தது. படம் தீட்ட உட்காரும்போது அவை இடம் மாறிக் கிடந்தால் பொறுமை பறந்துபோகப் பார்க்கும். பிறர் தூரிகைக்காகத் தம்மோடு மல்லுக்கட்டியதையெல்லாம் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் முதன்முதலாக இரத்தம் கக்கினார். காசநோய். அதே பாஸ்கு காலத்தில் விசுவாச இருளும் அவரைச் சூழ்ந்தது. மோட்சம் என்ற நினைவே கேலிபோல் தோன்றியது. அந்த நிலையில்தான் சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தைத் திறந்தார். வேதபோதகராக வேண்டும், வேதசாட்சியாக வேண்டும் என்று அவருக்குள் ஆயிரம் ஆசைகள். 12-ஆம் அதிகாரத்தில் விடை கிடைக்கவில்லை. மூடிவிடாமல் 13-ஆம் அதிகாரத்துக்குப் போனார். எல்லா வரங்களுக்கும் மேலாக அங்கே அன்பைக் கண்டு, திருச்சபையின் இதயத்தில் தாம் அன்பாக இருப்பதென்று முடிவு செய்தார்.

ஆனாலும் இருள் விலகவில்லை. வாசித்த வார்த்தைகள் உள்ளத்தில் ஒளி தராமல் போன நாட்களிலும் அந்தச் சுவிசேஷப் புத்தகத்தை அவர் கழற்றி வைக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் முழுவதையும் தம் இரத்தத்தால் அதில் எழுதினார். எழுதி, மறுபடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, 24 வயதில், ஆண்டவரை நேசிப்பதாகச் சொல்லி உயிர்விட்டார்.