சுருங்கிய தங்கம்!

காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படியும். ஆற ஆற அந்த ஆடை சுருங்கி, மேடும் பள்ளமுமாக மாறும். பார்த்திருப்பீர்கள். தங்கத்தையும் வெள்ளியையும் இப்படியே சுருங்க வைத்து, அரண்மனைக்கே விற்றார் ஒருவர்! அவர்தான் பீட்டர் கார்ல் ஃபாபெர்ஜே.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 1846ம் ஆண்டு மே 30ம் தேதி பிறந்தார். அப்பா குஸ்தாவ் அங்கே நகைக்கடை வைத்திருந்தார். ஜெர்மனியில் தொழில் பழகித் திரும்பிய கார்ல், ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குப் போய், பழங்கால நகைகளைப் பழுது பார்த்துக் கொடுத்தார். சம்பளம் கிடையாது. ஆனால், 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பொற்கொல்லர்களின் வேலையைக் கையில் எடுத்துப் பார்க்கலாமே! அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது?

1872ல் அப்பாவின் கடை அவர் பொறுப்புக்கு வந்தது. அந்தப் பழங்கால நகைகளைப் போலவே செய்து, 1882ல் மாஸ்கோ கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

எத்தனை வைரம், எவ்வளவு எடை என்று பார்த்து நகைக்கு மதிப்புப் போடுவது ஃபாபெர்ஜேக்குப் பிடிக்காது. வேலைப்பாடுதான் முக்கியம் என்பார். அவரது பட்டறைகளில் செய்த சின்னச் சின்னப் பெட்டிகளே அதற்குச் சாட்சி. அவற்றில் சில பளபளவென்று இருக்காது. ஆற்று மணலில் கிடைக்கும் தங்கக் கட்டி போல, கரடுமுரடாக இருக்கும். இந்த வேலைக்கு ரஷ்ய மொழியில் சமரோடோக் என்று பெயர். இயற்கையாகக் கிடைத்த கட்டி என்று பொருள்.

உருகுவதற்குச் சற்று முன்புவரை தகட்டைச் சூடாக்கி, சட்டென்று வெப்பத்திலிருந்து எடுப்பார்கள். மேற்பரப்பு சுருங்கிவிடும்.

இன்று நகை செய்பவர்கள், டார்ச் சுடரால் வெள்ளித் தகட்டில் இதையே செய்கிறார்கள். செம்பு கலந்த வெள்ளியைப் பலமுறை சூடாக்கி, ஒவ்வொரு முறையும் நீர்த்த அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். மேலே உள்ள செம்பு போய், சுத்த வெள்ளி மட்டும் மெல்லிய தோலாக நிற்கும். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். உள்ளே இருக்கும் கலப்பு உலோகமோ அதற்கு முன்பே உருகிவிடும். சுடரை விலக்கியதும் உள்ளே இருப்பது இறுகிச் சுருங்கும். மேல் தோலையும் சேர்த்து இழுக்கும். பாலாடை மாதிரிதான்! ஒரு நொடி தாமதித்தால் தகட்டில் ஓட்டை விழுந்துவிடும். எப்படிச் செய்தாலும் ஒரு தகட்டின் சுருக்கம் இன்னொன்றில் வராது.

1885ல், மன்னர் மூன்றாம் அலெக்சாண்டர் தன் மனைவிக்கு ஈஸ்டர் பரிசளிக்க, ஃபாபெர்ஜே ஒரு முட்டை செய்து கொடுத்தார். வெள்ளை ஓட்டுக்குள் தங்க மஞ்சள் கரு. அதற்குள் தங்கக் கோழி! அரச குடும்பத்துக்கு இப்படி 50 முட்டைகள் போயின. உலகமே அவரைத் தெரிந்துகொண்டது.

1917ல் ரஷ்யப் புரட்சி வெடித்தது. மறு ஆண்டே நிறுவனம் அரசின் கைக்குப் போனது. ஃபாபெர்ஜே நாட்டைவிட்டு வெளியேறி, 1920ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

அவர் 1887ல் செய்து கொடுத்த முட்டை ஒன்று காணாமல் போயிருந்தது. அமெரிக்காவில் ஒரு பழைய உலோக வியாபாரி, அது என்னவென்று தெரியாமலே, உருக்கி விற்கலாம் என்று வாங்கிவிட்டார். நல்லவேளை, அவர் கொடுத்த விலைக்கு மேல் தங்கத்துக்கு யாரும் தரவில்லை. முட்டை அவர் வீட்டிலேயே கிடந்தது. 2012ல் இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2014ல் லண்டனில் அந்த முட்டையைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நின்றது.