மகனைப் பிரிந்த மாண்டிசோரி அம்மையார்

பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, அடையாற்றின் மறுகரையில் பிரம்மஞான சபைத் தோட்டம் இருக்கிறது. 1939-ல் இத்தாலி நாட்டு அம்மையார் ஒருவர் அங்கே வந்தார். வயது 69. அவர்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி!

1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கியவர் அவர். பிள்ளைகளை உற்றுக் கவனித்தார். அடி, மிரட்டல் இல்லாமலே, கையால் தொட்டுச் செய்து குழந்தை தானாகக் கற்கும் என்று கண்டார்.

அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் குதித்தது. எதிரி நாட்டவர் என்று, உடன் வந்த மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. தாயின் 70-வது பிறந்த நாளன்று மகனுக்கு விடுதலை கிடைத்தது!

போர் முடியும் வரை அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. அதனால் நம் நாட்டு ஆசிரியர்கள் ஏராளமானோர் அவரிடம் பயின்றார்கள்.

1952-ல் அம்மையார் மறைந்தார். உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்களே, அது அவர் காட்டிய வழிதான்.