சர் வால்டர் ஸ்காட்டும் எட்டுக் கெஜக் கம்பளியும்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம்மில் ‘ஐவன்ஹோ’ ஆசிரியரை அறியாதார் இலர். நான் எழுதப் புகுவது அவர்தம் நாவல்களைப் பற்றியன்று. மலைவாசிகளின் உடையை அவர் ஒரு நாட்டின் உடையாக்கிய வரலாற்றைப் பற்றி.

1771 ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் எடின்பரோ நகரில் சட்டத்தொழில் புரிந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் ஸ்காட். தவழும் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் வலக்காலை முடக்கியது. உடல் தேறுவதற்காக, இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய பகுதியில் இருந்த பாட்டனார் பண்ணைக்கு அவரை அனுப்பினர். ஆடுகளுக்கு நடுவே, எல்லைப்புற மறவர் கதைகளைக் கேட்டு வளர்ந்தது அப்பிள்ளை. கால் ஊனம் இறுதிவரை நீங்கவில்லை. கதைக் காதலும் அப்படியே. 1792இல் வழக்கறிஞரானார்; 1805இல் கவிஞராகப் புகழ் பெற்றார்; 1814இல் ‘வேவர்லி’ என்னும் நாவலைத் தம் பெயர் போடாமலே வெளியிட்டார்.

அந்நாவலின் களம் 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. ஸ்காட்லாந்தின் வடபுல மலைக் குலத்தார் பலர் அரசை எதிர்த்து எழுந்து, மறு ஆண்டு கல்லோடன் போர்க்களத்தில் வீழ்ந்தனர். வென்ற அரசு அவர்களுடைய உடையின்மீதே பாய்ந்தது. ‘கில்ட்’ அணிவது குற்றம் என்றது சட்டம்! படைவீரர்க்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அத்தடை நீங்கியது.

கில்ட் என்பது யாது? பாவாடை என்று நகைப்போர் அதைத் தைக்கும் பாட்டைப் பார்த்தால் வாயடைத்துப் போவர். முற்காலத்தில் நீண்ட கம்பளியொன்றை இடையில் வாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக் கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்பாதி கழிந்து கீழ்ப்பாதி தனியுடையாயிற்று. ஸ்காட் காலத்தில் அதற்குத் துணி குறைவு. பின்னரே அது எட்டுக் கெஜமாக வளர்ந்தது. இன்றைய கனத்த கில்ட்டுக்குக் கெஜம் 16 அவுன்சு நிறுக்கும் கம்பளி வேண்டும். முன்னே ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு தட்டை முகப்புகள். பின்னே முழுவதும் கொசுவம். கொசுவம் மடித்த பின்னும் வண்ணக் கட்டம் குலையாமல், மடிக்காத துணி போலவே தோன்ற வேண்டும். இடையிலிருந்து இடுப்பெலும்புக்குக் கீழ்வரை கையால் தைத்து, அதன்கீழ்த் தளரவிடுவர். அடியை மடித்துத் தைப்பதில்லை. நெசவின் கரையே விளிம்பு. அது முழங்காலில் வந்து நிற்கும். நடக்கும்போது விரிந்த கொசுவம் தானே தன் இடத்தில் விழுவதற்குத்தான் அத்தனை கனம். மெல்லிய துணியில் அந்த வீழ்ச்சி வராது.

1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். ஆளும் மன்னரைக் கண்டு அந்நாடு 170 ஆண்டுகளாகி இருந்தது. வரவேற்பு முழுவதும் ஸ்காட்டின் பொறுப்பு. மலைவாசிகளின் முரட்டு உடையென்று அதுவரை முகம் சுளித்த சமவெளிக் கனவான்கள், அவர் சொற்கேட்டுத் தையற்காரரிடம் ஓடினர். மன்னரும் இளஞ்சிவப்புக் காலுறையின்மேல் கில்ட் அணிந்து காட்சி தந்தார். அவர் உடைக்கான செலவு 1,350 பவுனுக்கும் மேல்! ஸ்காட் மட்டும் கட்டமிட்ட கால்சட்டையில் நின்றார்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்த ஆண்டுகளில்தான் வடபுல நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணை அமைக்கக் குடியானவர்களை வெளியேற்றினர். சதர்லாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அங்கே நுழைந்த செவியட் ஆடுகள், ஸ்காட் வளர்ந்த எல்லைப்புறச் சீமையின் குன்றுகளிலிருந்து சென்றவை. கம்பளி உடை அரண்மனை ஏறியது. அதை உடுத்தியவர்களைக் கம்பளி தரும் ஆடு துரத்தியது. இதற்கு ஸ்காட்டைக் குற்றவாளி ஆக்க நான் துணியேன். ஆயினும் அவர் நடத்திய விழாவில் அவ்வேழைகளின் துயருக்கு இடமில்லாமற் போனதே!

1826இல் அவர் பங்கு கொண்டிருந்த அச்சகம் நொடித்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுனுக்கும் மேற்பட்ட கடனை எழுதியே அடைக்கத் துணிந்து, உடல் தேய உழைத்தார். 1832 செப்டம்பர் 21இல் அபட்ஸ்போர்டு இல்லத்தில் மறைந்தார். எஞ்சிய கடனை அவர் நூல்களின் உரிமையே தீர்த்தது. எடின்பரோவில் நாய் அருகிருக்க அமர்ந்திருக்கும் அவரது சலவைக்கல் சிலையில் கில்ட் இல்லை. எல்லைப்புற இடையர் தோளில் போர்த்தும் கம்பளியே இருக்கிறது.