கஅபு பின் மாலிக் (ரலி) காத்திருந்த ஐம்பது நாட்கள்

மஸ்அலா கேட்க நம்மிடம் வருவோரில் சிலர், வந்த விஷயத்தைக் கேட்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதுண்டு. மெல்ல விசாரித்தால், ஒரு பாவம் நேர்ந்துவிட்டது, அந்த வெட்கத்தில் பல வாரங்களாகப் பள்ளிவாசல் பக்கமே தலைகாட்டவில்லை என்பார்கள். அத்தகையோருக்கு நாம் முதலில் சொல்வது ஹளரத் கஅபு பின் மாலிக் (ரலி) அவர்களின் சரிதையைத்தான்.

கஅபு (ரலி) அவர்கள் மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில், பனூ ஸலிமா கூட்டத்தில் பிறந்தவர்கள். சிறந்த கவிஞர். ஹிஜ்ரத்துக்கு முன்பே அகபாவில் பைஅத் செய்தவர்கள். உஹதில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஷஹீதாகிவிட்டார்கள் என்ற வதந்தி பரவி முஸ்லிம்கள் கலங்கி நின்றபோது, நாயகத்தை முதலில் அடையாளம் கண்டு, உயிருடன் இருக்கிறார்கள் என்று உரக்கக் கூவி நற்செய்தி சொன்னவர்களும் இவர்களே. இத்தகைய ஒருவருக்கா சறுக்கல் நேர்ந்தது என்று நாம் வியக்கலாம். நேர்ந்தது.

ஹிஜ்ரி 9 (கி.பி. 630). ரோமர்களை எதிர்கொள்ளத் தபூக் நோக்கிப் புறப்படுமாறு கட்டளை பிறந்தது. கடும் வெயில், நெடும் பயணம், மதீனாவிலோ கனிகள் பழுத்து, நிழல் இனிக்கும் பருவம். கஅபு (ரலி) அவர்களுக்கு நோயுமில்லை, வறுமையுமில்லை. வாழ்நாளில் முதன்முறையாக இரண்டு ஒட்டகங்கள் அப்போதுதான் அவர்களிடம் இருந்தன. காலையில் ஆயத்தம் செய்யப் புறப்படுவார்கள்; ஒன்றும் செய்யாமல் மாலையில் திரும்புவார்கள். நினைத்தால் முடித்துவிடலாம் என்ற எண்ணம். படை போய்விட்டது. பின்தொடர்ந்து சேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தார்கள்; அதுவும் நடக்கவில்லை. தெருவில் இறங்கினால் முனாஃபிக் என்று பெயரெடுத்தவர்களும், இயலாதவர்களும்தான் கண்ணில் பட்டார்கள். அந்தக் காட்சியே அவர்களைச் சுட்டது.

பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பும் செய்தி வந்ததும் என்ன பொய் சொல்லித் தப்பலாம் என்றுகூட யோசித்ததாகப் பிற்காலத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பள்ளிக்குள் நுழைந்து நாயகத்தின் முன் அமர்ந்தபோது பொய் வரவில்லை. அவர்களுக்கு முன் எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குச் சொல்லி, சத்தியம் செய்து, மன்னிப்புப் பெற்றுப் போயிருந்தார்கள். இவர்களோ தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். அல்லாஹ் தீர்ப்பளிக்கும்வரை காத்திருக்குமாறு உத்தரவாயிற்று. முராரா, ஹிலால் (ரலி) என்ற இரு நல்லடியார்களும் அவ்வாறே உண்மை சொல்லிக் காத்திருந்தார்கள்.

இம்மூவருடனும் யாரும் பேசக் கூடாதென்று தடை வந்தது. மற்ற இருவரும் வீட்டில் அடைந்து அழுதுகொண்டிருந்தனர். கஅபு (ரலி) அவர்கள் மட்டும் ஜமாஅத்தை விடவில்லை. நாயகத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அந்தத் திருவுதடுகள் அசைந்தனவா என்று பார்ப்பார்கள். அருகில் நின்று தொழுதபடி ஓரக்கண்ணால் நோக்குவார்கள். தொழுகையில் மூழ்கினால் நாயகம் தம்மைப் பார்ப்பதும், தாம் திரும்பினால் முகத்தைத் திருப்பிக் கொள்வதும் அவர்களுக்குப் புரிந்தது. வெட்கத்தால் பள்ளியை விட்டு ஓடுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். யாரைக் கோபப்படுத்தினார்களோ, அவர்கள் பக்கத்திலேயே போய் நின்றார்கள் கஅபு (ரலி).

ஒருநாள் மனம் பொறுக்காமல் தந்தைவழிச் சகோதரர் அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறிக் குதித்து ஸலாம் சொன்னார்கள். பதிலில்லை. அல்லாஹ்வையும் ரஸூலையும் நான் நேசிப்பது உமக்குத் தெரியாதா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அல்லாஹ்வும் ரஸூலுமே நன்கறிவார்கள் என்ற விடைதான் கிடைத்தது. கண்ணீர் வழியத் திரும்பிவிட்டார்கள்.

சோதனை அத்துடன் நிற்கவில்லை. ஷாமிலிருந்து தானியம் விற்க வந்த ஒரு வியாபாரி, கஸ்ஸான் அரசனின் கடிதத்தைக் கொடுத்தான். உம் தலைவர் உம்மை ஒதுக்கிவிட்டார், எங்களிடம் வாரும், ஆதரிப்போம் என்பது அதன் சாரம். மனமுடைந்தவனைத் தேடி ஷைத்தான் வரும் வழி இதுதான். கஅபு (ரலி) அவர்கள் கடிதத்தை எரியும் அடுப்பில் போட்டார்கள். நாற்பதாம் நாள், மனைவியை விட்டு விலகியிருக்கும்படி ஆணை வந்தது. அதற்கும் பணிந்து அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐம்பதாம் இரவின் கடைசிப் பகுதியில், உம்முஸலமா (ரலி) அன்னையாரின் இல்லத்தில் நாயகம் தங்கியிருந்தபோது தவ்பா ஏற்கப்பட்ட வஹீ இறங்கிற்று. கஅபுக்கு உடனே சொல்லியனுப்பட்டுமா என்று அன்னையார் ஆவலுடன் கேட்டார்கள். மக்கள் திரண்டு வந்து தூக்கத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று நாயகம் தடுத்து, பஜ்ருக்குப் பின்னரே அறிவித்தார்கள்.

கஅபு (ரலி) அவர்கள் வீட்டு மாடியில் பஜ்ரு தொழுது, பூமி இத்தனை விசாலமாயிருந்தும் நெருக்கிவிட்டதே என்ற துயரில் அமர்ந்திருந்தார்கள். ஸல்உ மலைமீதிருந்து ஒரு குரல் அவர்கள் பெயரைச் சொல்லி நற்செய்தி கூவியது. அப்படியே ஸஜ்தாவில் விழுந்தார்கள். குதிரையேறி ஒருவர் விரைந்தும், குரலே முந்திற்று. குரல் கொடுத்தவர் நேரில் வந்ததும் உடுத்தியிருந்த இரு ஆடைகளையும் கழற்றி அவருக்கு அளித்துவிட்டு, இரவல் உடையில் பள்ளிக்கு நடந்தார்கள். தல்ஹா (ரலி) எழுந்தோடி வந்து கைகுலுக்கினார்கள். நாயகத்தின் திருமுகம் சந்திரத் துண்டைப் போல் ஒளிர்ந்தது. தாய் பெற்ற நாள் முதல் இதுவே உமக்குச் சிறந்த நாள் என்று வாழ்த்தினார்கள். செல்வம் முழுவதையும் ஸதகாவாகக் கொடுக்க முன்வந்தபோது, கொஞ்சம் வைத்துக்கொள்ளுமாறு தடுத்துவிட்டார்கள். கைபர் பங்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இம்மூவரின் தவ்பாவைத் திருமறையின் தவ்பா சூராவில், 118ஆம் ஆயத்தில் நாம் இன்றும் ஓதுகிறோம்.

முதுமையில் கஅபு (ரலி) அவர்களுக்குப் பார்வை போய்விட்டது. மகன் அப்துல்லாஹ் கைபிடித்து அழைத்துச் செல்வார். தம் சோம்பலையும், பொய் சொல்ல எண்ணியதையும், அழுததையும் எதையும் மறைக்காமல் அந்த மகனிடம் அவர்கள் சொன்னதே புகாரி, முஸ்லிம் கிரந்தங்கள் வழியே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று எழுந்து வந்த தல்ஹாவையும் அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.