வளைந்த விரல்கள், ஒரு லட்சம் ஆபரேஷன்: 'டாக்டர் வி' சாதித்தது எப்படி?

புளியந்தோப்பில் யாருக்காவது உடம்புக்கு ஒண்ணுன்னா, ஆட்டோ பெரும்பாலும் ஸ்டான்லி பக்கம்தான் திரும்பும். அந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய 'டாக்டர் வி' இவர்தான்.

1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். சொந்தக்காரப் பெண்கள் பிரசவகாலத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டார். ஆனால் ராணுவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் வேலையும் போச்சு. விரல்கள் கோணிக்கொண்டன, பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கும் கனவை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். கத்தியைப் பிடிக்க அந்த விரல்களை மறுபடி பழக்கினார். அதே கையால் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. வீட்டில் உட்காராமல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே, அடுத்ததில் நோயாளியை நர்ஸ்கள் தயார் செய்துவிடுவார்கள். முடிந்ததும் மைக்ரோஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும். இப்படி ஒரு சர்ஜன் வருஷத்துக்குச் சுமார் 2,000 கண்புரை ஆபரேஷன் வரை செய்ய முடிந்தது.

அவசரத்தில் தரம் போகாதா? நியாயமான சந்தேகம். 1979-ல் ஹரால்ட் லஃப்ட் குழு அமெரிக்காவில் 12 வகை ஆபரேஷன்களை ஆராய்ந்தது. திறந்த இதய ஆபரேஷன் போன்றவற்றை வருஷத்துக்கு 200-க்கு மேல் செய்த மருத்துவமனைகளில் இறப்பு 25 முதல் 41 சதவீதம் குறைவு. பித்தப்பை நீக்கத்தில் அந்த வித்தியாசம் இல்லை. சிக்கலான ஆபரேஷனில்தான் பழக்கம் பெரிதாகப் பேசுகிறது. சர்ஜனுக்கு மட்டுமல்ல, மயக்க மருந்து டாக்டர், ஐசியூ நர்ஸ் என எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நிறையச் செய்வதால் கை தேர்கிறதா, கை தேர்ந்தவரிடம் கூட்டம் போகிறதா? இரண்டும் நடக்கலாம். எப்படியானாலும், அம்மாவுக்கு இதய ஆபரேஷன் என்றால், வருஷத்துக்கு இங்கே எத்தனை செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்க. பளபளக்கும் லாபி இதற்குப் பதில் சொல்லாது.

டாக்டர் வி 2006 ஜூலை 7-ல் காலமானார். 11 படுக்கையில் தொடங்கிய அரவிந்த், இப்போது சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலை நூம்பலிலும் இருக்கிறது.