சேரமான் பெருமாள்

கழறிற்றறிவார் நாயனார் புராணத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவரிடையே ஒரு வினா எழுவதை நாம் கண்டிருக்கின்றோம். மக்காவுக்குச் சென்று இஸ்லாத்தைத் தழுவிய சேரமான் பெருமாள் இவர்தாமா என்பதே அவ்வினா. வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட வரலாறும் பாடநூலில் உள்ள வரலாறும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும்போது இளம் உள்ளங்கள் மயங்குவது இயல்பே. ஆம் என்றால் மகிழ்வர். அல்லர் என்றால் வாடுவர். இரண்டும் கூறாது நழுவுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் இம்மன்னரைப் பற்றி நாம் கற்றவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். சேரமான் பெருமாள் என்பது இயற்பெயரன்று, பட்டப்பெயர். கி.பி. 9-ஆம் நூற்றாண்டு முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை மகோதயபுரம் எனப்பட்ட கொடுங்கல்லூரிலிருந்து மலைநாட்டை ஆண்ட சேரர் பலர்க்கும் அது உரியது. மக்கள் நினைவோ அவ்வனைவரையும் ஒருவராக்கிவிட்டது.

சேக்கிழார் காட்டும் சேரமானின் இயற்பெயர் பெருமாக்கோதையார். அரச குடியிற் பிறந்தும் அரசை விரும்பாது திருவஞ்சைக்களத்துக் கோயிற்பணியில் ஈடுபட்டிருந்தவர் அவர். செங்கோற்பொறையன் என்னும் மன்னன் துறவு பூண்டபோது அமைச்சர்கள் வந்து வேண்டியதால் முடி சூடினார். முடி சூடிய அன்றே நிகழ்ந்தது நம் உள்ளம் கவரும் நிகழ்ச்சி. உவர்மண் படிந்து உடல் வெளுத்த வண்ணான் ஒருவன் எதிரே வர, அதனைத் திருநீற்றுக் கோலமாகக் கண்டு யானையினின்றும் இறங்கி வணங்கினார் மன்னர். அவன் அஞ்சித் தான் அடிமை வண்ணான் என்றபோது, தாமும் அடிமைச் சேரனே என்று விடையிறுத்து அனுப்பினார். பின்னர்ச் சுந்தரரின் தோழரானார். பொன்வண்ணத்தந்தாதி, திருவாரூர் மும்மணிக்கோவை, திருக்கயிலாய ஞான உலா ஆகியவற்றைப் பாடினார். முடிவில் சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலை சென்றபோது இவர் குதிரையேறி உடன் சென்றார், நாடு திரும்பவில்லை.

மலபார் முஸ்லிம்களின் மரபு வேறு. சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலம் கற்றோர்க்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதியைப் பிளந்த அற்புதம் தெரிந்ததே. அதனைத் தம் அரண்மனையிலிருந்தே பெருமாள் கண்டார் என்பது கதை. கிஸ்ஸத் ஷகர்வத்தி ஃபர்மாத் என்னும் அரபு நூல் இதனை விரித்துரைக்கின்றது. ஷகர்வத்தி என்பது சக்கரவர்த்தி. ஃபர்மாத் என்பது பெருமாள். சொல்லாராய்ச்சியில் விருப்புடைய நமக்கு இவ்வொரு தலைப்பே விருந்தாகும்.

கேரளோற்பத்தி என்னும் மலையாள நூலும் பெருமாள் மக்கா சென்றதைக் கூறுகின்றது. புறப்படுமுன் நாட்டைத் தம் உறவினர்க்கும் தலைவர்க்கும் பகிர்ந்தளித்தார். கடைசியில் வந்த ஏறாடிக்குக் கொடுக்க நிலம் எஞ்சவில்லை. கோழி கூவினால் கேட்கும் தொலைவுள்ள கோழிக்கோட்டையும் தம் வாளையும் கொடுத்தார் என்பர். சாமூதிரி மரபின் தோற்றக் கதை இது. அரச குடிகள் பல தம் உரிமைக்கு இப்பெருமாளின் கொடையையே சான்றாகக் காட்டின. அவர் இருந்தாக வேண்டிய தேவை பலர்க்கும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனிச் சான்றுகளை நோக்குவோம். கி.பி. 851-இல் எழுதப்பட்டதும் சுலைமான் என்னும் வணிகர் பெயரால் வழங்குவதுமான அரபுக் குறிப்பு, கொல்லத்துறையை நன்கறியும். எனினும் இந்தியரிலோ சீனரிலோ இஸ்லாத்தைத் தழுவிய எவரையும் தாம் அறியவில்லை என்றே கூறுகின்றது. 14-ஆம் நூற்றாண்டில் மலபார்த் துறைகள்தோறும் தங்கிச் சென்ற இப்னு பதூதா, வடமலபார் மன்னர் ஒருவரின் மூதாதை மதம் மாறியதைச் சொல்கிறாரேயன்றிப் பெருமாளைச் சொல்லவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியரான பார்போசாவின் எழுத்தில் இக்கதை தெளிவாக வந்துவிடுகின்றது.

ஆயினும் நம் நெஞ்சைத் தொட்டவர் பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களே. 1583-ஆம் ஆண்டு வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறும் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் அவர்தம் நூல், போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு எதிராக முஸ்லிம்களை எழுப்ப இயற்றப்பட்டது. நபிகளார் காலத்திலேயே நம் மன்னர் இஸ்லாத்தை ஏற்றார் என்பது அத்தகைய நூலுக்கு எத்துணை வலிய படைக்கலம்! மக்தூம் அவர்களோ அதனைக் கையிலெடுக்கவில்லை. இலங்கையில் ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு காணச் சென்ற ஏழை முஸ்லிம்கள் கொடுங்கல்லூரில் தங்கியதும், மன்னர் அவர்களோடு மறைவாகக் கடல் கடந்ததும், அரபு நாட்டில் நோயுற்று இறந்ததும், அவர் தந்த மடலுடன் மாலிக் பின் தீனார் முதலியோர் வந்து பள்ளிவாசல்கள் அமைத்ததும் ஆகிய அனைத்தையும் எழுதுகின்றார். எழுதிவிட்டு, காலம் உறுதியாகத் தெரியவில்லை என்றும், ஹிஜ்ரி 200-க்குப் பின்னரே இருக்கக்கூடும் என்றும், நபிகளார் காலத்தது என்னும் பேச்சு ஏற்கத்தக்கதன்று என்றும் தம் மக்களிடமே சொல்லிவிடுகின்றார். தம் கூட்டத்தார்க்கு இனிக்கும் செய்தியை உரைகல்லில் இட்டுப் பார்த்த அத்துணிவு, ஆய்வுப் பட்டம் பெற்ற நமக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

ஹிஜ்ரி 200 என்பது கி.பி. 815-ஐ ஒட்டியது. ஆய்வாளர் பலர் நாயனாராகக் கருதும் ராஜசேகரன் ஆண்டதும் 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே. ஆகவே நம் மாணவர் வினா பொருளற்றதன்று. எனினும் அம்மன்னனின் 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வாழப்பள்ளிச் செப்பேடு நமச்சிவாய என்று தொடங்குகின்றது. தண்டத்தொகையைத் தீனாரம் என்னும் கடல்கடந்த நாணயத்தாற் குறிப்பதும் அதே செப்பேடுதான். மக்கா சென்றவர் கடைசிச் சேரராகிய ராமகுலசேகரராக, அஃதாவது 12-ஆம் நூற்றாண்டினராக இருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை மதமாற்றக் கதையை ஏற்கவில்லை. எம்.ஜி.எஸ். நாராயணனோ, முஸ்லிம் மரபும் கேரளோற்பத்தியும் ஒருசேரக் கூறுவதை அறவே தள்ளுதற்குக் காரணமில்லை என்றார். மாடாயிப் பள்ளிவாசற் கல்வெட்டின் ஆண்டாகிய ஹிஜ்ரி 518 (கி.பி. 1124) அக்கால எல்லையை ஒட்டியே வருதல் கருதத்தக்கது. நமக்கும் பின்னையதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அங்ஙனமாயின் நாயனாரும் மக்கா சென்றவரும் வெவ்வேறு இருவர். இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள்.

கொடுங்கல்லூர்ச் சேரமான் பள்ளிவாசல் கி.பி. 629-இல் எழுந்ததென்பது ஊர் மரபு. 2016-இல் இந்தியப் பிரதமர் சவூதி மன்னர்க்கு அளித்தது இப்பள்ளியின் பொன்முலாம் பூசிய சிற்றுருவே. அதே ஊர்ப்புறத்தில் திருவஞ்சைக்களத்துக் கோயிலில் சுந்தரரும் சேரமானும் சிலையாக நிற்கின்றனர். கடலுக்கு அப்பால் ஓமன் நாட்டு ழுஃபாரில் பெருமாளுடையது என ஓர் அடக்கத்தலம் காட்டப்படுகின்றது.

மக்தூம் அவர்கள் நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. தம் இறப்பை ஊரார்க்குச் சொல்லவேண்டா என்று மன்னர் உடன்வந்தாரிடம் கேட்டுக்கொண்டாராம். முஸ்லிமல்லாத மலபார் மக்களோ அவர் வானேறிவிட்டார், மீண்டும் இறங்கி வருவார் என நம்பினர். இது சேக்கிழாரின் கயிலைப் பயணத்தோடு ஒத்திருப்பதை நாம் வியப்புடன் நோக்குகின்றோம். அதனால் ஆண்டில் ஓர் இரவு, கொடுங்கல்லூரில் ஓரிடத்தை அணிசெய்து, அவர் வந்தால் அணியப் பாதுகையும் பருகத் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தனர் என்று பொன்னானியின் அந்த ஆலிம் எழுதி வைத்துள்ளார்.